ஆராய்ச்சி மென்பொருளும் அதன் நீடித்த வாழ்வும்

ஒரு தொழிலின் செம்மை, அத்தொழிலுக்குரிய கருவியின் செம்மையைப் பெரிதும் சார்ந்து நிற்பது. தச்சனுக்கு உளியும், உழவனுக்கு ஏரும், நெசவாளனுக்குத் தறியும் எத்தகையனவோ, அத்தகையனவே இக்காலத்து விஞ்ஞான ஆராய்ச்சியாளனுக்குக் கணிப்பொறியும் அதனை இயக்கும் மென்பொருளும். வானத்து மீன்களை அளப்போரும், நோய்க்கிருமிகளின் அமைப்பை ஆய்வோரும், மழையின் வரவை முன்னறிந்து கூற முயல்வோரும் இன்று மென்பொருளின் துணையின்றி ஓரடியும் எடுத்து வைத்தல் அரிது. ஆயினும், உளியை வடித்த கொல்லன் எவன், தறியைச் செப்பனிடுவோன் எவன் என்பதை ஊரார் அறிவர். தம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடியாயுள்ள மென்பொருளை எழுதியவர் எவர், அதனைப் பழுது பார்ப்பவர் எவர் என்பதை ஆராய்ச்சியாளருட் பலர் அறியார். அறிய வேண்டுமென்று எண்ணுவோரும் சிலரே. இக்குறையினால் விளையும் தீங்குகளையும், அதனை நீக்குதற்கு ஆராய்ச்சியாளர் கூட்டங்கள் கண்ட வழிகளையும் நம் கல்லூரி மாணாக்கர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மென்பொருளின் இயல்பு

கணிப்பொறி செய்யவேண்டிய செயல்களை, அது ஏற்கத்தக்க ஒரு மொழியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்த கட்டளைகளின் தொகுதியே நிரல் எனப்படும். பல நிரல்களும் அவற்றிற்குரிய விளக்கங்களும் ஒருங்கு சேர்ந்தது மென்பொருள். ஏனைய கருவிகளினின்று இஃது இருவகையால் வேறுபடுகின்றது. முதலாவது, பயன்படுத்துதலால் இது தேய்வதில்லை. ஒருவர் எழுதிய நிரலை ஆயிரவர் ஒரே காலத்தில் ஆண்டாலும் அது குறையாது. படியெடுத்தற்குச் செலவும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாவது, பயன்படுத்தாது சும்மா வைத்திருந்தாலும் இது கெடும்.

இரண்டாவதாகக் கூறியது வியப்பாகத் தோன்றலாம். காரணத்தை நோக்கின் வியப்பு நீங்கும். எந்த நிரலும் தனித்து நிற்பதன்று. கீழே கணிப்பொறி, அதன்மேல் இயக்க அமைப்பு, அதன்மேல் நிரல்மொழி, அதன்மேல் பிறர் எழுதிய நிரற்றொகுதிகள் என அடுக்கடுக்காய் அமைந்த அடித்தளத்தின்மேல் அது நிற்கின்றது. ஓரடுக்கு மாறினும் மேலுள்ளது ஆட்டங்காணும். பைத்தான் என்னும் மொழியின் இரண்டாம் பதிப்பிற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பராமரிப்பு 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது. மூன்றாம் பதிப்பிற்கேற்பத் திருத்தப்படாத நிரல்கள், ஓரெழுத்தும் சிதையாதிருந்தும், புதிய பொறிகளில் எளிதில் இயங்காதனவாயின. ஓலைச்சுவடியைக் காலந்தோறும் பெயர்த்தெழுதியவர் இருந்தமையாற் சில நூல்கள் நமக்குக் கிடைத்தன; பெயர்த்தெழுதுவார் இன்மையாற் பல நூல்கள் மறைந்தன. மென்பொருளைக் கறையான் அரிப்பதில்லை; ஆயினும் கவனிப்பார் இல்லையேல் அதற்கும் அதே கதிதான்.

ஈண்டு இரண்டு சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக் கொள்வோம். ஒருவர் தம் தேவைக்கு எழுதிய நிரலை, அவரை அறியாத மற்றொருவர், வேறொரு தேவைக்கு, அவரிடம் வினவாமலே எடுத்தாளக் கூடுமாயின், அதனை மறுபயன் உடையது என்போம். எழுதியவர் விலகிய பின்னரும், அடித்தளம் மாறிய பின்னரும், ஒரு மென்பொருள் திருத்தம் பெற்றுத் தொடர்ந்து பயன்படுமாயின், அதனை நிலைபேறு உடையது என்போம். மறுபயன் மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. நிலைபேறோ அதனைச் சூழ்ந்துள்ள மனிதரைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு முதல் இப்பொருளையே கடமையாகக் கொண்டு இயங்கும் மென்பொருள் நிலைபேற்று நிறுவனம், 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பதினைந்தில் ஆராய்ச்சியாளரை வினவியது. விடை அளித்தோருள் நூற்றுக்கு 92 பேர் ஆராய்ச்சி மென்பொருளைப் பயன்படுத்துவதாகக் கூறினர். அஃதின்றித் தம் ஆராய்ச்சி நடைபெறாது என்றவர் நூற்றுக்கு 69 பேர். தாமே மென்பொருள் எழுதுவோர் நூற்றுக்கு 56 பேர். அவ்வாறு எழுதுவோருள் ஐந்தில் ஒருவர் அதற்குரிய பயிற்சி எதுவும் பெறாதவர். உயிர்நாடி போன்றதொரு கருவியைப் பயிற்சியில்லாத கைகள் ஆக்குகின்றன என்பது இதனாற் புலனாகும்.

2. கவனமின்மையின் விளைவு

நாம் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். அங்கே ஆராய்ச்சி மாணவர் ஒருவர், அளவைக் கருவியினின்று வரும் எண்களைச் செப்பஞ்செய்து வரைபடமாக்கும் நிரல் ஒன்றை மூன்றாண்டுகள் உழைத்து எழுதினார். பட்டம் பெற்று வேலைக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் வந்த மாணவர் அந்நிரலை இயக்க முயன்றபோது, ஒரே பெயரில் ஏழு கோப்புகள் இருக்கக் கண்டார். அவற்றுள் ஆராய்ச்சி நூலில் பயன்பட்டது எது என்று சொல்வார் இல்லை. நிரலின் நடுவே 0.873 என்றொரு பெருக்கு எண் நின்றது. அஃது எங்கிருந்து வந்தது, எந்தக் கருவிக்கு உரியது என்ற குறிப்பில்லை. ஓராண்டுக் காலம் அதனோடு போராடிய பின் அம்மாணவர் அனைத்தையும் புதிதாய் எழுதத் தொடங்கினார். முதல் மாணவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. அவருக்கு அவ்வாறு செய்யலாகாது என்று எவரும் கற்பிக்கவில்லை. அவர் எழுதிய நிரலை எவரும் ஒருமுறையேனும் கேட்டு வாங்கிப் பார்க்கவுமில்லை. நம் போன்ற ஆசிரியர்க்கும் அக்குற்றத்திற் பங்குண்டு.

அங்கே இழந்தது காலம் மட்டுமே. மற்றோரிடத்தில் இழந்தது உண்மையே ஆகும். புரதங்களின் வடிவத்தை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்த கலிபோர்னியா ஆய்வுக்கூடம் ஒன்று, பெரும் புகழ் வாய்ந்த பத்திரிகைகளில் வெளியிட்ட ஐந்து கட்டுரைகளை 2006-ஆம் ஆண்டில் திரும்பப் பெற நேர்ந்தது. வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து கையாளப்பட்ட ஒரு சிறு நிரல், அளவைகளின் இரண்டு வரிசைகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் குறி மாறியது. குறி மாறவே, கண்ட வடிவம் தலைகீழாயிற்று. வேறொரு குழுவினர் அவ்வகைப் புரதமொன்றின் வடிவத்தைக் கண்டு வெளியிட்டபோது இம்முரண் வெளிப்பட்டது. அதற்குள் அக்கட்டுரைகளை நம்பிப் பிறர் செலவிட்ட உழைப்பு மீளாதொழிந்தது. பிறர் எழுதியதை எடுத்தாண்டமை பிழையன்று. சோதியாது எடுத்தாண்டமையே பிழை.

இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டு ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ஏவுகலத்தின் முதற் பயணம். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் தென் அமெரிக்காவில் கூரூ என்னுமிடத்தினின்று புறப்பட்ட அக்கலம், ஏறத்தாழ 40 விநாடிகளில் வானிலே சிதறியது. அதன் திசையறி கருவியிலிருந்த மென்பொருள், முந்தைய ஏரியான் 4-இல் குறைவின்றி உழைத்ததே. அதில் 64 இலக்கத்தாலாகிய ஓர் எண்ணை 16 இலக்கத்தாலாகிய இடத்தில் அடக்கும் ஒரு செயல் இருந்தது. பழைய கலத்தின் வேகத்திற்கு அவ்வெண் அவ்விடத்தில் அடங்கும் என்று ஆராய்ந்தே விட்டிருந்தனர். புதிய கலமோ கிடைத்தளத்தில் மிக விரைந்து சென்றது, எண் அடங்கவில்லை, கருவி செயலற்றது. அச்செயல் புதிய கலத்திற்கு, புறப்பட்ட பின்னர், தேவைப்பட்டதுமன்று. ஒரு நிரல் ஓரிடத்தில் செம்மையாயிருத்தல் வேறிடத்திலும் செம்மையாயிருக்கும் என்பதற்குச் சான்றாகாது. அஃது எவ்வெல்லைக்குள் செம்மையுடையது என்பதும் உடன் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இதுவே அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம்.

3. கணித நிரற்றொகுதிகள் காட்டிய வழி

இனி, நல்வழி கண்டோர் வரலாற்றை நோக்குவோம். அணிகளைக் கொண்டு செய்யும் கணிதம், பௌதிகம் முதலாகப் பொருளாதாரம் ஈறாகப் பல துறைகளுக்கும் பொதுவானது. தொடக்கத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் அதற்குரிய நிரலைத் தானே எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தோர் 1970-களின் முற்பகுதியில், ஐரோப்பியக் கணித வல்லுநர் முன்னரே அல்கால் மொழியில் வெளியிட்டிருந்த நிரல்களை ஃபோர்ட்ரான் மொழியிற் பெயர்த்து, பல்வேறு கணிப்பொறிகளிற் சோதித்து, ஐஸ்பேக் என்னும் பெயரால் வழங்கினர். அதன்பின் 1979-இல் லின்பேக் என்னும் தொகுதியின் கைநூல் வெளிவந்தது. அதனை ஆக்கியோருள் ஜாக் டாங்காராவும் கிளீவ் மோலரும் இருவர்.

அதே ஆண்டில் வெளியான மற்றொன்று, அளவிற் சிறிதாயினும் பயனிற் பெரிது. எண் வரிசைகளைக் கூட்டுதல், பெருக்குதல் முதலிய அடிப்படைச் செயல்களுக்கு இன்ன பெயர், இன்ன முறையில் உள்ளீடு என்று பலரும் உடன்பட்டு வகுத்த ஒழுங்கே அது. பிளாஸ் என்பது அதன் பெயர். இவ்வொழுங்கின் நுட்பம் யாதெனின், என்ன செய்ய வேண்டும் என்பதையும் எவ்வாறு செய்வது என்பதையும் அது பிரித்துவிட்டது. மேலே எழுதுவோர் பெயரை மட்டும் அழைப்பர். கீழே கணிப்பொறி செய்வோர் தத்தம் பொறிக்கேற்ப அச்செயலை விரைவாக நடத்தும் வழியை எழுதித் தருவர். பொறி மாறினால் கீழுள்ளது மட்டுமே மாறும். மேலுள்ள கணிதம் அப்படியே நிற்கும். இவ்வொழுங்கு 1988-இலும் 1990-இலும் விரிவுபெற்றது. அதன்மீது கட்டப்பட்ட லாபேக் என்னும் தொகுதி 1992-இல் வெளிவந்து, இன்றும் ஆளப்பெற்று வருகின்றது. இடைப்பட்ட காலத்தில் கணிப்பொறிகள் எத்துணையோ தலைமுறை மாறின. அழைக்கும் பெயர்கள் மாறவில்லை. இவற்றை வேண்டுவோர்க்கு மின்னஞ்சல் வாயிலாக விலையின்றி அனுப்பும் நெட்லிப் என்னும் ஏற்பாடு 1985-இல் தொடங்கியது. டாங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசு வழங்கப்பட்டது இவ்வுழைப்பிற்காகவே.

4. பிளவும் ஒற்றுமையும்

நிலைபேற்றுக்கு மனிதரே காரணம் என்று மேலே கூறினோம். அதனை விளக்குவது நம்பை என்னும் தொகுதியின் வரலாறு. பைத்தான் மொழியில் எண் வரிசைகளைக் கையாளுதற்கு 1995-இல் ஜிம் ஹுகுனின் என்பார் நியூமெரிக் என்றொரு தொகுதியை எழுதினார். பின்னர் விண்வெளித் தொலைநோக்கி விஞ்ஞான நிறுவனத்தைச் சார்ந்தோர், வானத்தைப் படம் பிடித்த பெரிய வரிசைகளுக்கு அது போதாமை கண்டு, நம்மரே என்ற வேறொரு தொகுதியை எழுதினர். ஒன்று சிறு வரிசைகளுக்கு விரைவானது. மற்றொன்று பெரு வரிசைகளுக்கு ஏற்றது. இரண்டும் நல்லனவே. ஆயினும் ஒன்றன்மேற் கட்டிய கருவி மற்றொன்றோடு பொருந்தவில்லை. ஒரு சிறு கூட்டம் இரண்டாய்ப் பிளந்தது. ஒரே வேலையை இரு சாராரும் இருமுறை செய்தனர்.

அப்பொழுது சர்வகலாசாலை ஆசிரியராயிருந்த டிராவிஸ் ஆலிஃபண்ட் என்பார், இரண்டின் நலங்களையும் ஒன்று சேர்த்து 2005-இல் நம்பையை ஆக்கத் தொடங்கினார். 2006-இல் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. புதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதியிருந்தால் அவர்க்குக் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பு இவ்வுழைப்பிற் கிட்டவில்லை. எனினும் இரு கூட்டமும் ஒன்றாயின. பழைய இரு தொகுதிகளும் மெல்ல வழக்கொழிந்தன. மூன்றாவதொன்றை ஆக்குதல் பிளவை நீக்குமா, மூன்றாய்ப் பெருக்குமா என்ற ஐயம் அக்காலத்தில் எழுதற்குரியதே. முன்னைய இரண்டினின்றும் புதியதற்கு மாறுதற்குரிய வழியையும் அவர் செய்து கொடுத்தமையால் ஒற்றுமை கைகூடிற்று.

வானநூலாரிடையேயும் இத்தகைய நிலையே இருந்தது. அமெரிக்கத் தேசிய வானாய்வு நிலையத்தார் 1981 முதல் வளர்த்த ஐராஃப் என்னும் பெருந்தொகுதி, ஒரு தலைமுறைக் காலம் வானநூலாரின் பொதுக்கருவியாய் விளங்கியது. அது தனக்கென வகுத்த தனி மொழியில் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தது. அம்மொழியை வேறு எவரும் கற்கவில்லை. அந்நிலையம் 2013-இல் அதன் வளர்ச்சியை நிறுத்தியபோது, எடுத்து நடத்துவார் அருகினர். அதற்கு முன்னரே, 2011-இல், வானநூலார் சிலர் ஒன்றுகூடி, தனித்தனியே எழுதப்பட்டு ஒன்றோடொன்று பொருந்தாதிருந்த பைத்தான் நிரல்களை ஒரே கூரையின்கீழ்க் கொணர முடிவு செய்தனர். ஆஸ்ட்ரோபை என்னும் அத்தொகுதியைப் பற்றிய முதற் கட்டுரை 2013-இல் வெளிவந்தது. அதன் சிறப்புகளுள் ஒன்று, எண்ணோடு அதன் அலகையும் சேர்த்தே வைத்துக் கணக்கிடுதல். மீட்டரையும் விநாடியையும் கூட்டச் சொன்னால் அது மறுத்து நிற்கும். 1999-இல் செவ்வாயைச் சுற்ற அனுப்பிய அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தமைக்கு, ஒரு சாரார் பவுண்டு அளவையிலும் மற்றொரு சாரார் நியூட்டன் அளவையிலும் கணக்கிட்டதே காரணம் என்பதை நினைவிற்கொண்டால், இச்சிறப்பின் அருமை விளங்கும்.

இங்கே மற்றொருவரையும் நினைத்தல் நம் கடன். மூளை நரம்புகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் ஹண்டர் என்பார், வலிப்பு நோயாளரின் மூளையில் எழும் மின்னலைகளை வரைந்து காணும் பொருட்டு, மேட்பிளாட்லிப் என்னும் வரைபடத் தொகுதியை எழுதி 2003-இல் வெளியிட்டார். உலகமெங்கும் விஞ்ஞானக் கட்டுரைகளில் இன்று காணும் வரைபடங்களுள் எண்ணிறந்தன அதனால் வரையப்பட்டவை. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், புற்றுநோய்க்குரிய சிகிச்சையில் நேர்ந்த கேட்டினால், அவர் இளமையிலேயே உயிர் நீத்தார். தொகுதி அவரோடு மறையவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே நிரலை யாவரும் காண வெளியிட்டுப் பலரையும் உடன் எழுதச் செய்திருந்தமையால், உடனுழைத்தோர் பொறுப்பேற்று அதனை வளர்த்து வருகின்றனர். தாம் இல்லாத நாளை எண்ணி ஏற்பாடு செய்து வைத்தலே நிலைபேற்றுக்கு வேர் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.

5. உழைப்புக்கு ஊதியம் எங்கே?

இவ்வளவும் கேட்டோர், இத்தகைய தொகுதிகளுக்குப் பெரும்பொருள் செலவிடப்பட்டிருக்கும் என்று கருதுதல் இயல்பு. உண்மை வேறு. நம்பைத் தொகுதி பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான், அதன் வளர்ச்சிக்கென முதன்முதல் அறநிதி உதவி கிடைத்தது. அதுகாறும் பெரும்பாலும் தன்னார்வத்தாரே ஓய்வு நேரத்தில் உழைத்தனர். ஆஸ்ட்ரோபையின் நிலையும் அதுவே. அதன் உழைப்பாளர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவரும் நிலையான பதவி பெறாத இளையருமே என்பதையும், இவ்வுழைப்பு அவர்களுடைய பதவி உயர்வுக்கு உதவாமல் ஊறாகவும் முடிகின்றது என்பதையும் 2016-இல் வானநூலார் சிலர் கூடி எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டிற்று.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், நம்மிடமிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் உலகிற்குக் காட்டப்பட்டது. அதனை உருவாக்கிய நிரல்கள் நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், ஆஸ்ட்ரோபை ஆகியவற்றின்மேல் நின்றன. உலகம் வியந்து நின்ற அவ்வாரத்திலேயே, இவ்வடித்தளத் தொகுதிகளைப் பராமரித்தற்குப் பொருளுதவி வேண்டிய விண்ணப்பம் ஒன்று அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதி நிறுவனத்தால் ஏற்கப்படவில்லை என்ற செய்தியும் வந்தது. கோபுரத்தை வணங்குவோர் கடைக்காலை நினைப்பதில்லை.

எனினும் நிலைமை திருந்தி வருகின்றது. ஆராய்ச்சி மென்பொருட் பொறிஞர் என்னும் பதவிப்பெயர் 2012-இல் பிரிட்டனில் வழக்கிற்கு வந்தது. அன்னார் சங்கம் ஒன்று 2019-இல் முறைப்படி அமைந்தது. மென்பொருளையே கட்டுரைபோல் ஆய்ந்து வெளியிடும் பத்திரிகை ஒன்று 2016-இல் தோன்றியது. அதில் ஆய்வாளர், நிரல் சொன்னபடி இயங்குகின்றதா, விளக்கம் போதுமானதா, சோதனைகள் உள்ளனவா என்று பார்த்த பின்னரே ஏற்பர். ஐரோப்பாவின் செர்ன் நிலையத்தார் 2013 முதல் நடத்திவரும் சினோடோ என்னும் சேமகத்தில் ஒரு மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பை வைத்து, அதற்கு மாறாத அடையாள எண் பெறலாம். அவ்வெண்ணைப் பிறர் தம் கட்டுரையிற் குறிப்பிட, எழுதியவர்க்கு உரிய பெயர் சேரும்.

6. மாணாக்கர் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

இதுகாறும் கூறியவற்றினின்று, ஆய்வுக்கூடத்தில் நிரல் எழுதப் புகும் நம் மாணாக்கர்க்குச் சில விதிகளைத் தொகுத்துக் கூறுதும்.

முதலாவது, எழுதுமுன் தேடுக. உமக்கு வேண்டிய நிரலைப் பலரும் சோதித்த நிலையிற் பிறர் வைத்திருத்தல் கூடும். அதிற் சிறு குறையிருப்பின், வேறொன்று எழுதுதலினும் அதனைத் திருத்தி எழுதியவர்க்கே அனுப்புதல் மேல்.

இரண்டாவது, திருத்த வரலாற்றைக் காக்க. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய கிட் என்னும் கருவி, யார், எந்நாள், எதனை, ஏன் மாற்றினார் என்பதைப் பதிவு செய்து வைக்கும். அதனைப் பயன்படுத்துவோர்க்கு ஒரே பெயரில் ஏழு கோப்புகள் என்னும் இடர் நேராது.

மூன்றாவது, சிறு சிறு சார்புகளாகப் பகுத்து எழுதுக. ஒரு சார்பு ஒரு வேலையை மட்டும் செய்வதாக. அத்தகையதே பிறர்க்குப் பயன்படும். பிழை நேரினும் அதனுள்ளேயே கண்டுபிடிக்கப்படும்.

நான்காவது, சோதனையை நிரலோடு சேர்த்தே எழுதுக. விடை முன்னரே தெரிந்த கணக்கை நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தலே சோதனை. தொகையிடும் நிரல் எழுதினால், சைன் வளைகோட்டின் அரை அலையை, அஃதாவது சுழியத்திலிருந்து பை வரையிலுள்ள பரப்பை, அதனிடம் கேளுங்கள். விடை 2 வராவிடின், மற்ற விடைகளை நம்புதல் தகாது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் எல்லாச் சோதனைகளையும் மீண்டும் நடத்துக.

ஐந்தாவது, விளக்கம் எழுதுக. எப்படி இயக்குவது என்பதோடு, எவ்வெண் எங்கிருந்து வந்தது, எந்த அலகு, எந்த எல்லைக்குள் செல்லும் என்பனவும் அதில் இருத்தல் வேண்டும். ஏரியான் கலத்தை நினைத்துக்கொள்க.

ஆறாவது, உரிமம் இணைக்க. நிரலை வெளியிட்டால் மட்டும் போதாது. பிறர் அதனைப் படியெடுக்கவும் திருத்தவும் வழங்கவும் இசைவு எழுத்தில் இல்லையேல், பதிப்புரிமைச் சட்டம் அவர் கையைக் கட்டும். நன்கு அறியப்பட்ட உரிமங்களுள் ஒன்றைத் தேர்ந்து சேர்த்தல் சில நிமிட வேலையே.

ஏழாவது, கடன்பட்டதைச் சொல்லுக. ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்த நூலைப் பார்த்தீர் என்று எழுதுவதுபோல, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைக் கையாண்டீர் என்பதையும் எழுதுக. உழைத்தவர்க்கு இது நன்றி. பின்வந்து சரிபார்ப்போர்க்கு இது வழிகாட்டி.

எட்டாவது, ஒருவர் மட்டும் அறிந்த நிரல் இல்லாதிருப்பதாக. எவரேனும் மற்றொருவர் உம் நிரலைப் படித்து, உமது துணையின்றி இயக்கிப் பார்க்கட்டும். அன்றே குறைகள் வெளிப்படும். வெட்கம் சிறிது நேரம், பயன் நெடுங்காலம்.

இவ்விதிகளை ஒரே நாளிற் கைக்கொள்ளுதல் இயலாது என்பார் உண்டு. ஒருமுறை இயக்கி எறியும் சிறு நிரலுக்கு இத்துணை வேண்டுமோ என்பாரும் உண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், எறியத்தக்கது என்று கருதி எழுதியவையே பல ஆய்வுக்கூடங்களில் பத்தாண்டு நின்று உழைக்கின்றன. ஆதலின் திருத்த வரலாறும், சிறு விளக்கமும், ஒரு சோதனையுமாவது முதல்நாளே இருத்தல் நன்று. மற்றவை தேவை வளருந்தோறும் வளர்க.

7. முடிவுரை

நம் நாட்டு ஊர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்ததைப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். ஏரியின் நீரால் பயன்கொள்வோர் யாவரும் ஆண்டுதோறும் மழைக்குமுன் கூடி, வாய்க்காலிற் படிந்த மண்ணை வாரி, கரையின் உடைப்பை அடைத்தனர். ஏரியை வெட்டியவன் பெயர் நிலைத்தது; ஆயினும் ஏரி நிலைத்தது கூடை மண் சுமந்தவர்களால். மென்பொருளும் அத்தகையதொரு பொது ஏரியே. வெட்டுவோர்க்குப் புகழும் பொருளும் கிட்டுகின்றன. கரை காப்போர்க்கு அவை அரியனவாய் உள்ளன. கரை உடைந்த பின்னரே பலர் அதனை நினைக்கின்றனர்.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணாக்கர் பலர் ஆராய்ச்சி செய்யப் போகின்றனர்; சிலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்குத் தலைமை தாங்கவும், பதவிக்கு உரியவரைத் தேரவும், நிதி வழங்கவும் கூடும். முன்னவர் ஆளுக்கொரு கூடை மண் சுமப்பாராக. ஒரு பிழையைத் திருத்துதலும், ஒரு விளக்கத்தைச் சேர்த்தலும் அதன்பாற் படும். பின்னவர், மண் சுமந்தவர் யார் என்று கேட்டறிந்து, அவர்க்குரிய மதிப்பை அளிப்பாராக. பழைய மாணாக்கருள் இத்துறையில் உழைப்போர், விடுமுறைக் காலத்தில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, தாம் எழுதிய நிரலொன்றை இளையவர் முன் திறந்து காட்டிப் பிழைகளோடு விளக்குவாராயின், இக்கட்டுரையினும் அது பன்மடங்கு பயன்தரும் என்பது நம் துணிபு.